அத்தியாயம் 6: ஜாப் கார்டில் ஏறாத கோளாறு

தில்லியில் கார் வைத்திருக்கும் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் சர்வீஸ் சென்டருக்கு வந்துவிடும். ஒருவருக்கு மூன்று முறை போயும் ஏசி சரியாகவில்லை. இன்னொருவருக்கு ஐயாயிரம் என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டாயிரத்துக்கு பில் போட்டுவிட்டார்கள். மூன்றாமவரின் வண்டி ஆறு வருடமாக ஆயில் மாற்றுவதைத் தவிர வேறு செலவு வைத்ததில்லை. நான்காமவர் கம்பெனியோடு போராடி இலவசமாக கியர்பெட்டி மாற்றி வாங்கியிருக்கிறார். இவற்றைக் கேட்டு "எந்தக் கம்பெனி வண்டி நல்லது?" என்று முடிவு கட்டுவதுதான் வழக்கம். அதைவிடப் பயன் தரும் கேள்வி ஒன்று உண்டு. ஒரே மாதிரிக் கோளாறில் ஒருவருக்கு நியாயம் கிடைத்ததும் இன்னொருவருக்குக் கிடைக்காமல் போனதும் எதனால்?

பெரும்பாலும் காகிதத்தால். வாயால் சொன்ன புகார், அதைக் கேட்ட சர்வீஸ் அட்வைசர் வேலை மாறியதும் அவரோடு போய்விடும். வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டர் எழுதும் ஜாப் கார்டில், தேதியும் கிலோமீட்டரும் போட்டு ஏறிய புகார், வாரன்டி முடிந்த பிறகும் உங்களுக்காகப் பேசும். அந்தக் காகிதத்தை எப்படிச் சேர்ப்பது, எங்கே பயன்படுத்துவது என்பதே இந்த அத்தியாயம்.

தில்லி உங்கள் வண்டியை என்ன செய்கிறது?

கோளாறு வண்டியில் பிறந்ததா, ஊரால் வந்ததா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் சர்வீஸ் சென்டரில் பாதி வாக்குவாதம் குறையும்.

முதலில் மழை. 2024 ஜூன் 28 அன்று சஃப்தர்ஜங்கில் 24 மணி நேரத்தில் 228 மில்லிமீட்டர் பெய்தது. மின்டோ பாலத்தின் அடியில் ஆண்டுதோறும் தண்ணீர் தேங்குவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்திருந்தால், பிஸ்டனால் அதை அழுத்த முடியாது; கனெக்டிங் ராடு வளைந்து எஞ்சினே போய்விடும். தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்று தெரியும்படி படம் எடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள். பிறகு டோ செய்து கொண்டுபோங்கள். சாதாரணப் பாலிசியில் இந்த எஞ்சின் சேதத்தைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் தில்லிவாசிக்கு அவசியம்.

அடுத்து டீசல். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பிஎஸ்-6 டீசல் வண்டிகளின் புகைப்பாதையில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி உண்டு. அதில் சேரும் கரி எரிய ஏறக்குறைய 600 டிகிரி வெப்பம் வேண்டும். மயூர் விஹாரிலிருந்து ஐடிஓவுக்கு ஊர்ந்து போய் ஊர்ந்து திரும்பும் வண்டியில் அந்த வெப்பம் வருவதே இல்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்ததும், வண்டிக் கையேடு சொல்லும் வேகத்தில் கால் மணி நேரமாவது நிற்காமல் ஓட்டுங்கள். விடியற்காலை துவாரகா எக்ஸ்பிரஸ்வே இதற்குத் தோதான இடம். விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் ஆயிலில் டீசல் கலக்கும்; கடைசியில் வடிகட்டியையே மாற்ற வேண்டி வரும். தினமும் பத்துக் கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்கு டீசல் வண்டி ஏற்றதல்ல.

தில்லி டீசல்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பத்து வருடத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டியும், பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டியும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை 1 அன்று இத்தகைய வண்டிகளுக்கு பெட்ரோல் பங்கில் எரிபொருள் தர மறுத்தார்கள். சில நாட்களில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வண்டியின் வயதை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. விதி இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், எட்டு, ஒன்பது வயதான டீசலுக்குப் பெரிய ரிப்பேர் எஸ்டிமேட் வந்தால், அன்றைய விதி என்ன என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்றாவது பெட்ரோல். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகள் இதற்கேற்பச் செய்யப்பட்டவை. பழைய வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம் என்றும், சில ரப்பர் பாகங்களை முன்கூட்டியே மாற்ற நேரலாம் என்றும் பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. மைலேஜ் அதற்கும் மேல் விழுந்தால் வண்டியில் வேறு ஏதோ கோளாறு. டேங்க் நிரப்பும்போதெல்லாம் லிட்டரையும் ஓடோமீட்டரையும் குறித்து வைத்தால்தான் இந்த வித்தியாசம் தெரியும். குத்துமதிப்பாகச் சொல்லும் மைலேஜ் புகாரை எந்த சர்வீஸ் சென்டரும் மதிக்காது.

கடைசியாகத் தூசியும் குளிர்காலப் புகையும். ஏசி குளிரவில்லை என்று வரும் பல வண்டிகளில் பழுது கம்ப்ரஸரில் இருக்காது. கேபின் ஃபில்டர் அடைத்திருக்கும். கேஸ் நிரப்பச் சொல்லும் முன் அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

ஜாப் கார்டு எழுதும் முறை

வண்டியை விட்டதும் அட்வைசர் டேப்லட்டை எடுத்துக்கொண்டு வருவார். "காடி மே க்யா ப்ராப்ளம் ஹை, ஸர்?" (வண்டியில் என்ன பிரச்சினை?) என்பார். நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே "ஜெனரல் செக்கப்" என்று ஒரு வரி தட்டிவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டுவார். அவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை; பின்னால் பத்து வண்டி நிற்கிறது. அந்த இரண்டு நிமிடத்தை நீங்கள்தான் ஐந்து நிமிடமாக்க வேண்டும்.

ஜாப் கார்டில் "கஸ்டமர் வாய்ஸ்" என்றோ "டிமாண்டட் ரிப்பேர்" என்றோ ஒரு பகுதி இருக்கும். உங்கள் புகார் உங்கள் சொற்களில் அங்கே ஏற வேண்டும். "முன்பக்கம் சத்தம்" என்று எழுதினால், "பார்த்தோம், சத்தம் இல்லை" என்று பதில் வரும். இப்படி எழுதச் சொல்லுங்கள்:

"இடது முன் சக்கரப் பக்கம் 'டக்' என்ற சத்தம். 20 கி.மீ. வேகத்தில் ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போது வருகிறது. காலையில் முதல் ஓட்டத்தில் அதிகம். 18,400 கி.மீ.யில் தொடங்கியது. போன சர்வீஸில் சொல்லியும் தீரவில்லை."

எங்கே, எப்போது, எந்த வேகத்தில், எத்தனையாவது கிலோமீட்டரிலிருந்து, எத்தனையாவது முறை: இந்த ஐந்தும் இருந்தால் மெக்கானிக்கும் நேரே அந்த இடத்துக்குப் போவார். பின்னால் வழக்கு என்று வந்தாலும் "மறுபடி மறுபடி வந்த கோளாறு" என்பதற்கு இதுவே சாட்சி. விட்டுவிட்டு வரும் கோளாறாக இருந்தால், ஓடோமீட்டர் தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள். அட்வைசரையோ டெக்னீஷியனையோ பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு மூன்று இந்தி வாக்கியங்கள் போதும்:

"ஜாப் கார்ட் மே லிக் தீஜியே." ஜாப் கார்டில் எழுதுங்கள்.
"பஹலே எஸ்டிமேட் பதாயியே, பிர் காம் கீஜியே." முதலில் எவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள், பிறகு வேலையைத் தொடங்குங்கள்.
"புரானா பார்ட் வாபஸ் சாஹியே." கழற்றிய பழைய பாகம் எனக்குத் திரும்ப வேண்டும்.

இவற்றைச் சிரித்த முகத்தோடு சொன்னால் போதும். கேட்கத் தெரிந்த கஸ்டமர் என்று புரிந்துகொள்வார்கள்.

எஸ்டிமேட்டில் கவனிக்க வேண்டியவை

வண்டியோடு வந்த கையேட்டில் எந்தக் கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும் என்ற அட்டவணை இருக்கும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டிமேட்டில் இருந்து, அட்டவணையில் இல்லாத ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேளுங்கள். எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் க்ளீனிங், ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன், டெஃப்லான் கோட்டிங் ஆகியவை பெரும்பாலும் அட்டவணையில் இருக்காது. அட்வைசருக்கு இவற்றில் மாத இலக்கு உண்டு. வண்டியின் அடியில் துருத்தடுப்புப் பூச்சு சென்னைக் கடற்கரையோரத்தில் இருப்பவருக்கு யோசிக்க வேண்டிய செலவு. உப்புக்காற்றே இல்லாத தில்லியில் அதற்கு அவசரம் இல்லை.

"பிரேக் பேட் தேய்ந்துவிட்டது" என்றால், எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று கேளுங்கள். "பேட்டரி போய்விட்டது" என்றால், சோதனைக் கருவி தரும் சீட்டைக் கேளுங்கள். அளவு சொன்னால் உண்மை தெரிந்துவிடும். வேலை நடுவே புதுச் செலவு முளைத்தால் போனில் "சரி" என்று சொல்லாதீர்கள். வாட்ஸாப்பில் தொகையோடு அனுப்பச் சொல்லி அங்கேயே பதில் எழுதுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கும் கூலிக்கும் ஒரே 18 சதவீத ஜிஎஸ்டிதான். அதற்கு முன் பெரும்பாலான பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது. பழைய விகிதம் பில்லில் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது

பணம் கட்டும் முன் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். எந்தக் கோளாறுக்காக விட்டீர்களோ அதே சூழலில் ஓட்டுங்கள். டிப்ஸ்டிக்கை இழுத்து ஆயிலின் மட்டத்தையும் நிறத்தையும் பாருங்கள். ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, பில்லில் போட்ட புது ஃபில்டர் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். வாரன்டியில் மாற்றிய பாகத்தைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்பார்கள், அது நியாயம். காசு கொடுத்து மாற்றிய பாகம் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். எந்தக் கோளாறு தீரவில்லையோ அதை இன்வாய்ஸிலேயே கையால் எழுதித் தேதி போட்டு, இரண்டு பிரதியிலும் கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டு மூன்று நாளில் சர்வீஸுக்கு மதிப்பெண் கேட்டு கம்பெனியிலிருந்து போன் வரும். "பத்துக்குப் பத்து கொடுத்துவிடுங்கள், ஸர்" என்று அட்வைசர் முன்பே கெஞ்சியிருப்பார். தீராத கோளாறு இருக்கும்போது முழு மதிப்பெண் கொடுத்தால், உங்கள் புகாருக்கு எதிரான சாட்சியை நீங்களே பதிவு செய்ததாக ஆகிவிடும். அந்தப் பையன் நல்லவன் என்றால் அதைச் சொல்லுங்கள்; வண்டி சரியாகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாரன்டியும் வெளி மெக்கானிக்கும்

"வெளியில் கை வைத்தால் வாரன்டி போய்விடும்" என்ற மிரட்டலைக் கேட்காத கார் உரிமையாளர் கிடையாது. இதில் சட்டத்தின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2011-ல் வந்த ஒரு புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து ரூ. 2,544 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச் சந்தையில் கிடைக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியில் ரிப்பேர் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்டியையும் ரத்து செய்யக்கூடாது, வெளி வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அந்த ஆணை சொன்னது. கம்பெனிகள் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போயின. அபராதத்தைப் பற்றிய சண்டை நீண்டது.

நடைமுறையில் என் யோசனை இது. வாரன்டி காலத்தில் அட்டவணைப்படியான சர்வீஸை அங்கீகரிக்கப்பட்ட இடத்திலேயே செய்யுங்கள். வாதாடி வெல்வதைவிட வாதத்துக்கு இடமே தராமல் இருப்பது மேல். டயர், பேட்டரி, வைப்பர் போன்றவற்றை வெளியில் மாற்றலாம். வயரை வெட்டி இணைக்கும் அலங்கார விளக்குகளையும் ஸ்டீரியோவையும் கரோல் பாகில் போட்டுக்கொண்டால் மின்சாரக் கோளாறு எது வந்தாலும் பழி அதன் மேல்தான் விழும்.

வாரன்டி முடிந்த பிறகு நல்ல மிஸ்திரி கிடைத்தால் பணமும் நேரமும் மிச்சம். பாகங்களுக்கு காஷ்மீரி கேட் சந்தை இருக்கிறது. ஒரே ஃபில்டரின் அசலும் போலியும் அடுத்தடுத்த கடையில் கிடைக்கும். பாக எண், அதிகபட்ச விலை, பெட்டியின் முத்திரை மூன்றையும் பார்த்து, வரி போட்ட பக்கா பில்லோடு வாங்குங்கள். வரி போடாத கச்சா பில்லில் நூறு ரூபாய் குறைத்துத் தந்தால், பாகம் போலியாக இருந்தாலும் கேட்க வழியில்லை. மாயாபுரியின் பழைய பாகங்களில் கதவு, கண்ணாடி, சீட் வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங், ஏர்பேக் ஆகிய மூன்றையும் அங்கே தொடவே வேண்டாம்.

ரீகால்: கேட்டால் இலவசம்

கம்பெனியே தன் தவறை ஒப்புக்கொண்டு திரும்ப அழைப்பது ரீகால். 2021 செப்டம்பரில் மாருதி சுசூகி தன் சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸா உள்ளிட்ட பெட்ரோல் வண்டிகளில் 1,81,754-ஐத் திரும்ப அழைத்தது. மோட்டார் ஜெனரேட்டரைச் சோதித்து, தேவைப்பட்டால் இலவசமாக மாற்றித் தருவதாகவும், அதுவரை தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓட்ட வேண்டாம் என்றும் அறிவித்தது. இரண்டாவது கையாக வண்டி வாங்கியவர்களுக்கு ரீகால் கடிதம் வந்து சேராது. அது பழைய உரிமையாளரின் முகவரிக்குப் போயிருக்கும். ஆகவே வருடம் ஒருமுறை கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளில் போதிய புகார்கள் சேர்ந்தால் அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம், மீறினால் ரூ. 10 லட்சம் முதல் ரூ. 1 கோடி வரை அபராதம். உங்கள் ஒரு புகார் அந்த எண்ணிக்கையில் சேரும்.

தீராதபோது மேலே போகும் வழி

சர்வீஸ் மேனேஜர், பிறகு கம்பெனியின் வாடிக்கையாளர் மையம், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு வக்கீல் நோட்டீஸ், கடைசியில் நுகர்வோர் ஆணையம். ஒவ்வொரு படியிலும் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு நாள் குறித்துக் கேளுங்கள். பல புகார்கள் 1915-லேயே முடிந்துவிடுகின்றன.

2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியைக் குர்கானில் வாங்கியிருந்தாலும் நீங்கள் ஜனக்புரியில் குடியிருந்தால் உங்கள் பகுதி மாவட்ட ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம், இணையவழியிலும் கொடுக்கலாம். கொடுத்த விலை ரூ. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் போதும். கட்டணம் ரூ. 5 லட்சம் வரை ஒன்றுமில்லை, 10 லட்சம் வரை ரூ. 200, 20 லட்சம் வரை ரூ. 400, 50 லட்சம் வரை ரூ. 1,000. கோளாறு எழுந்து இரண்டு வருடத்துக்குள் மனு போக வேண்டும்.

போகும் முன் எதைக் கேட்பது என்று தெளிவாக இருங்கள். இதற்கு மூன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வழிகாட்டும்.

ஒன்று, 2006-ன் மாருதி வழக்கு. கிளட்ச் கோளாறுக்காக முழு வண்டியையும் மாற்றித் தர வேண்டும் என்ற கீழ் ஆணையங்களின் உத்தரவை நீதிமன்றம் ஏற்கவில்லை. வாரன்டி வாக்களிப்பது பழுதான பாகத்தை மாற்றித் தருவதைத்தான் என்றது. அலைச்சலுக்கு ஒரு தொகை மட்டும் கிடைத்தது. புது வண்டி கேட்பதானால், பாகம் மாற்றியும் தீராத உற்பத்திக் குறை என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் அந்த ஜாப் கார்டு அடுக்கும், சுயேச்சையான நிபுணரின் அறிக்கையும்.

இரண்டு, 2021-ன் டாடா மோட்டார்ஸ் வழக்கு. கோவா டீலர் ஒருவர், 2009-ல் தயாராகி 622 கி.மீ. ஓடியிருந்த வண்டியை 2011-ன் புது வண்டி என்று விற்றுவிட்டார். டீலர் செய்ததைக் கம்பெனி அறிந்திருந்தது என்று மனுவில் சொல்லவும் இல்லை, நிரூபிக்கவும் இல்லை. ஆகவே கம்பெனி பொறுப்பாகாது என்று தீர்ப்பு வந்தது. டீலரும் கம்பெனியும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு ஆட்கள். எனவே ஒவ்வொரு கடிதத்தையும் இருவருக்கும் அனுப்புங்கள். கம்பெனிக்குத் தெரியும் என்பதற்கு அதுவே ஆதாரம்.

மூன்று, தில்லி மாநில ஆணையத்தில் தொடங்கிய ஹூண்டாய் க்ரெட்டா வழக்கு. 2015-ல் வாங்கிய வண்டி 2017 நவம்பரில் தில்லி–பானிப்பட் நெடுஞ்சாலையில் மோதியது, ஏர்பேக் திறக்கவில்லை, உரிமையாளருக்குத் தலையிலும் மார்பிலும் பல்லிலும் காயம். மோதலின் விசை போதவில்லை என்று கம்பெனி வாதிட்டது. வாடிக்கையாளர் விசையும் வேகமும் கணக்கிடும் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரூ. 3 லட்சம் ஈடும், வண்டியை மாற்றித் தரும் உத்தரவும் உறுதியாயின. சேதத்தின் படங்களும் மருத்துவக் காகிதங்களும் இருந்தால், பாதுகாப்புக் கருவி செயல்படாததை அந்த விபத்தே எடுத்துச் சொல்லும்.

முதல் கடிதம் இப்படி இருக்கட்டும்

"வண்டி எண் …, சேஸிஸ் எண் …, வாங்கிய தேதி …. இதே கோளாறுக்காக … , … , … தேதிகளில் ஜாப் கார்டு எண் … , … , … மூலம் வண்டியை விட்டேன். ஒவ்வொரு முறையும் செய்த வேலை: …. இன்று ஓடோமீட்டர் …. கோளாறு இன்னும் இருக்கிறது, வீடியோ இணைத்துள்ளேன். 15 நாட்களுக்குள் வாரன்டியின் கீழ் நிரந்தரமாகச் சரிசெய்து, செய்த வேலையை எழுத்தில் தருமாறு கேட்கிறேன். இல்லையெனில் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

கோபம் வேண்டாம், வர்ணனை வேண்டாம். தேதிகளும் எண்களும் போதும். இந்தக் கோடிட்ட இடங்களை உங்களால் இன்றே நிரப்ப முடிந்தால், உங்கள் வழக்கு பாதி வெற்றி. முடியாவிட்டால், அடுத்த சர்வீஸிலிருந்து ஒரு ஃபைல் போட்டு, எல்லா ஜாப் கார்டுகளையும் பில்களையும் தேதி வரிசையில் அதில் அடுக்கத் தொடங்குங்கள். வண்டியை விற்கும் நாளிலும் அந்த ஃபைல் விலையை உயர்த்தித் தரும்.